ஒருவரே ஓட்டக் கூடாது

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் மலை உச்சியில் நின்றுகொண்டு நானும் கயலும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டோம்.

"பால் பைய எடுத்தியா?"

"பால் பைய எடுத்தீங்களா?"

இரண்டு பேரும் எடுக்கவில்லை. பால் பவுடர், பாட்டில், வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் இருக்கும் அந்த நீலப் பை மலையடிவாரத்தில், கார் நிறுத்துமிடத்தில், சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மேலே ஏறி வந்த ஷட்டில் பஸ் இறங்கிப் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் பந்தயக் கார்கள் ஒவ்வொன்றாக மலையைக் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கயலின் இடுப்பில், ரோஜா நிறக் காதடைப்பானுக்கு அடியில், எங்கள் மகள் பொன்னி பசிக்குரிய அந்த முதல் சிணுங்கலை ஆரம்பித்திருந்தாள்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார் பந்தயம் பார்க்கப் போன அறிவாளி யார் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து பிளாட்டில் இருப்பவர் சிவா அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் கணக்காளர். மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் பிரசாத வரிசையில் அறிமுகமானார். பேசிக்கொண்டே வந்தால் இருவரும் ஒரே கட்டடத்துக்குள் நுழைகிறோம். நல்ல மனிதர். அமைதியானவர். குரல் உயராது. ஆனால் கார் பந்தயம் என்று வந்துவிட்டால் வேறு ஆள்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை, ஆறேழு பேரோட ஒரு வீட்டிலை இருந்தனான் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீவியைப் போட்டால் இந்த மலையும் காரும். காலமையிலை இருந்து பின்னேரம் வரைக்கும் அசையாமல் பாத்தனான். அண்டைக்குத்தான் முதல் தரம் ஒரு நாள் முழுக்க ஒண்டையும் யோசிக்காமல் இருந்தனான்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அவர்தான் எங்களைக் கூப்பிட்டார். "வாங்கோவன். மூண்டு பேரும் ஒருநாள் வெளியிலை வந்த மாதிரி இருக்கும்."

மூன்று பேரும்.

அந்த வார்த்தைக்காகத்தான் போனோம். காரணம் சொல்ல வேண்டும்.

கயல் நர்ஸ். நிரந்தர இரவுப் பணி. எனக்குப் பகலில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். மாலையில் நான் நுழையும்போது அவள் தலைமுடியைச் சுருட்டி கிளிப் போட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் வாசற்கதவுக்கு அருகில்தான் நடந்தது.

"பால் குடிச்சாச்சு. டயபர் மாத்தியாச்சு. சளி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மத்தியானம் தூங்கல."

"சரி. சாதம் ஃபிரிட்ஜ்ல இருக்கு."

இவ்வளவுதான். நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பார்களே – ஹேண்ட்ஓவர் என்பார்கள் – அதேதான். நோயாளி இல்லை, மகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டுப் பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி எப்போது தூங்குவாள்? குழந்தை தூங்கும்போது. குழந்தை எப்போது தூங்கும்? அது குழந்தையின் இஷ்டம். சைல்ட் கேரில் இடம் கேட்டுப் பெயர் கொடுத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் பாதி சிட்னியே பெயர் கொடுத்திருந்தது.

ஒருநாள் காலை, தடுப்பூசி போட பொன்னியைக் காரில் கூட்டிப் போன கயல், சிவப்பு விளக்கில் நின்றபடியே தூங்கிவிட்டாள். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் அடித்த அந்த மனிதர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அந்த வாரமே முடிவு செய்தோம். திருச்சியில் இருக்கும் கயலின் அக்கா, செல்வி அக்கா, பொன்னியை ஒன்றரை வருடம் வளர்த்துத் தருகிறேன் என்று சொன்னார். அவருடைய மகன்கள் இருவரும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஏப்ரல் மாதத்துக்கு டிக்கெட் போட்டோம். போகும்போது மூவர். வரும்போது இருவர்.

இங்கே நம் ஆட்களிடையே இது புதிதில்லை. "பிள்ளையை ஊர்ல விட்டுட்டு வந்துட்டோம்" என்று கோவிலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வார்கள். "அப்படியா, நல்லது, இனிமே நிம்மதியா வேலையைப் பாக்கலாம்" என்று கேட்டவர்களும் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு காருக்குள் என்ன நடக்கும் என்று யாரும் எழுதியதில்லை.

டிக்கெட் போட்ட பிறகு நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச நேரம் ஏது? வாசற்கதவு திறந்து மூடும் நேரம்தானே எங்களுடையது.

சரி, மலைக்கு வருவோம்.

இது ஒரு சின்ன ஓட்டம் இல்லை. ஒரே காரைப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். விடியும்போதே தொடங்கிவிடுகிறது. குழந்தையோடு கிளம்பியவர்கள் என்றைக்கு விடியும்போது போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்? நாங்கள் போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அதற்காக சிவா அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ப்ளூ மவுண்டன்ஸ் தாண்டும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அண்ணனோடு அவர் மகள் ஆரணியும் வந்திருந்தாள். பதினோராம் வகுப்பு. வழியெல்லாம் காதில் இயர்ஃபோன். அவள் அம்மா வதனி அக்காவுக்கு மருந்துக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதனால் சாப்பாட்டுக் கூடையை மட்டும் அனுப்பியிருந்தார்.

டிவியில் பார்க்கும்போது இந்த மலையின் செங்குத்து தெரியவே தெரியாது. நேரில்தான் தெரிகிறது. கீழே நேர்ச்சாலையில் வரும் கார் திடீரென்று வானத்தைப் பார்த்து ஏறுகிறது. உச்சிக்கு வந்ததும், கிணற்றில் வாளி விழுகிற மாதிரி அந்தப் பக்கம் விழுந்து மறைகிறது. சத்தம் மட்டும் வளைந்து வளைந்து கீழே போகிறது. டயர் கருகும் வாசனை, யூகலிப்டஸ் வாசனை, எங்கோ சாசேஜ் வாட்டும் வாசனை. பழைய சோஃபாக்களை லாரியில் ஏற்றிவந்து புல்லில் போட்டு, வீட்டு ஹாலில் இருப்பதுபோலக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் மக்கள்.

"மற்ற நாளிலை இது சாதாரண றோட் தம்பி. ஆக்கள் குடியிருக்கினம். அறுபதுக்கு மேல போனால் பொலிஸ் பிடிக்கும்" என்றார் சிவா அண்ணன்.

"இன்னைக்கு?"

"இண்டைக்குப் பொலிசும் பாக்கத்தான் வந்திருக்கு."

அந்த நேரத்தில்தான் பால் பை ஞாபகம் வந்தது.

எப்படி மறந்தோம்? நானும் கயலும் தனித்தனியாக எதையும் மறக்க மாட்டோம். அவள் பொறுப்பில் இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். என் பொறுப்பில் இருக்கும்போதும் சரியாக இருக்கும். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொன்னியோடு இருந்து பழக்கமே இல்லை. அவள் இருக்கிறாளே என்று நான். நான் இருக்கிறேனே என்று அவள். 'அவங்க பாத்துப்பாங்க' – ஒரு வீட்டில் இதைவிட ஆபத்தான வாக்கியம் உண்டா?

சிணுங்கல் அழுகையானது. அழுகை வீறிடலானது. பந்தயக் கார்களின் சத்தத்தைத் தாண்டி சோஃபாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்றால் எங்கள் மகளின் குரல் வளத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நான் கீழ ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"ஓடிப் போறதெண்டால் அந்தக் காரோட போட்டி போட்டுத்தான் போகவேணும்" என்றார் சிவா அண்ணன். "பதட்டப்படாதேங்கோ. ஆரணி, அம்மா தந்த கூடையை எடு பிள்ளை."

கூடையில் இடியப்பம், சம்பல், தேங்காய்ப்பால் சொதி. கயல் தயங்கினாள். "சொதியில காரம் இருக்குமேண்ணா…"

ஆரணி ஏற்கெனவே கூடையின் அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துவிட்டாள். "இது பேபிக்கு, அன்ரி. மிளகாய் இல்லை. அம்மா செப்பரேட்டா செய்து தந்தவ. எடுக்க மறக்காதை எண்டு மூண்டு தரம் சொன்னவ."

நாங்கள் இரண்டு பேர் மறந்ததை, கூட வராத ஒருவர் நினைத்து வைத்திருந்தார்.

ஆரணி இயர்ஃபோனைக் கழற்றிவிட்டுப் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, விரலால் மசித்து, பொன்னியின் வாயில் வைத்தாள். வீறிடல் நின்றது. முதலில் ஆச்சரியம். பிறகு நாக்கு வெளியே வந்து இன்னும் கேட்டது.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் கயல்.

"டிக்டொக்" என்று சிரித்தாள். பிறகு, பொன்னியின் தாடையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா சொன்னவர், பேபியை இந்தியாவுக்கு அனுப்பப் போறீங்களாம்" என்றாள்.

கயல் தலையாட்டினாள்.

"என்னையும் அனுப்பினவை, அன்ரி. சின்னனிலை. யாழ்ப்பாணத்திலை அத்தை வீட்டிலை ரூ இயர்ஸ் இருந்தனான்."

எனக்கு இது தெரியாது. சிவா அண்ணனைப் பார்த்தேன். அவர் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தடத்தில் கார் ஒன்றும் இல்லை.

கயல் மெதுவாகக் கேட்டாள். "கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"தெரியாது அன்ரி. ஒண்டும் ஞாபகமில்லை. ஐ வாஸ் ஃபைன். ரியலி." அடுத்த வாய் மசித்தாள். "அம்மாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம். நான் எப்ப நடந்தனான், முதல் என்ன சொன்னனான் எண்டு ஆராவது கேட்டால் அவ எழும்பி அடுப்படிக்குள்ளை போயிடுவா. அவவுக்குத் தெரியாதெல்லே. அத்தைக்குத்தானே தெரியும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். வானிலை சொல்வதுபோல. சொல்லிவிட்டு "ஓப்பன்… ஓப்பன்… குட் கேர்ள்" என்று பொன்னியோடு ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள்.

குழந்தை நம்மைத் தேடுமே, ஏங்குமே என்று மட்டும்தான் இதுவரை பயந்திருந்தேன். குழந்தை ஒன்றும் தேடாது, நன்றாகவே இருக்கும் என்றால்? அது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது, இல்லையா?

அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கினோம். பால் பையை எடுத்துக்கொண்டு, கார்கள் பெட்ரோல் போட வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்தோம். பக்கத்தில் பெரிய திரை வேறு.

ஒரு கார் உள்ளே வந்து நின்றது. கதவு திறந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவர் ஓடிவந்து உள்ளேயிருந்தவரை வெளியே இழுத்தார். சண்டை என்றே நினைத்தேன்.

"டிரைவர் மாறீனம் தம்பி" என்றார் சிவா அண்ணன். "ஒரு காருக்கு மூண்டு பேர். ஒராளே தொடர்ந்து ஓடக் கூடாது. சட்டம். குறிச்ச நேரத்துக்கு மேல ஓடினால் தண்டனை."

"நல்லா ஓட்டுறவரா இருந்தாலும்?"

"நல்லா ஓடுறவனாயிருந்தாலும்தான். களைச்சவன் தான் களைச்சுப்போனன் எண்டு சொல்லமாட்டான் தம்பி. இன்னும் கொஞ்சம் ஓடுறன் எண்டுதான் சொல்லுவான்."

கயல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க வார்டுக்கு இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் அனுப்பி வைங்கண்ணா" என்றாள்.

நான் கவனித்தது வேறொன்றை. வெளியே வந்த டிரைவர் அவ்வளவு நேரம் அந்த வெக்கையில் இருந்தவர். உடையெல்லாம் நனைந்திருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. தன் முதுகுக்கு வைத்திருந்த மெத்தையை உருவி எடுத்தார். புதியவர் உள்ளே உட்கார்ந்ததும், பாதி உடம்பை மறுபடி காருக்குள் நுழைத்து, அவருடைய தோள் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினார். காதுக்குப் போகும் வயரைச் செருகினார். ஏதோ சொன்னார். பிறகு தலைக்கவசத்தில் ஒரு தட்டு. கார் சீறிக்கொண்டு போனது. அது கண்ணிலிருந்து மறைகிறவரை அங்கேயே நின்றார்.

"கடைசியில காதுல என்ன சொன்னார்?" என்று கேட்டாள் கயல்.

"டயர் எப்பிடி, பிரேக் எப்பிடி, எந்த வளைவிலை வழுக்குது… உப்பிடி ஏதாவது இருக்கும் தங்கச்சி."

"ஹேண்ட்ஓவர்" என்றாள் கயல். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாம காரப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போயிடுறோம்ல… பெல்ட் மாட்டிவிடுறதில்ல."

சிவா அண்ணனுக்குத் திடீரென்று காபி குடிக்க வேண்டும்போல் இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். நல்ல மனிதர் என்று சும்மாவா சொன்னேன்?

பொன்னி கயலின் மடியில் பாட்டிலைக் கவ்வியபடி கண் சொருகிக்கொண்டிருந்தாள். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அந்தக் கேள்வியை நான் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தேன். தெரியவில்லை.

"தூக்கமா வருது" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. "எனக்கு இவளை அனுப்ப இஷ்டம் இல்லைங்க. டிக்கெட் போட்ட அன்னைக்கே இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே. ஆம்பள தைரியமா இருக்காரு, நாம அழுதா கெட்டுப்போயிடும்னு இருந்தேன்."

நான் தைரியமாக இருந்தேனாம்! ஆபீஸ் கழிவறையில் திருச்சி டிக்கெட்டைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவன் நான். அதைச் சொன்னேன். கயல் என்னைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

காபியோடு திரும்பிய சிவா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலையிலை கேட்டுப் பாத்தனியளோ? நாளைக் குறைக்கலாமோ, வீட்டிலை இருந்து செய்யலாமோ எண்டு?"

"இல்லண்ணா…"

"இந்த நாட்டிலை நாய்க்குச் சுகமில்லை எண்டு லீவு எடுக்கிறாங்கள். நீங்கள் ஒரு வார்த்தை கேளாமல் பிள்ளையைப் பிளேன் ஏத்தப் போறியள்!"

ஏன் கேட்கவில்லை? எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா, முதலாளியிடம் ஏதாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார். 'வேலை இருக்கு' என்று சொன்னாலே அது எங்கள் வீட்டில் நல்ல செய்தி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு இன்ஜினியரிங் படிப்பு மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது. சம்பளம் கொடுப்பவரிடம் வாயைத் திறந்து கேட்பதற்கு ஒரு பாடம் வைக்கவில்லை.

மறுநாள் ரயிலில் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேனேஜரின் அறையில் முதல் வாக்கியத்தை மட்டும்தான் சொன்னேன். அந்த அம்மா காலண்டரைத் திறந்தார். "உனக்கு எந்த நாள் வசதி? புதனா, வெள்ளியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். எனக்கு மீதி இரண்டு வாக்கியங்கள் வீணாகப் போயின.

இதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கயலின் வார்டில் இழுத்தடித்துத்தான் இரவுகளைக் குறைத்தார்கள். வீடு வாங்கும் யோசனை எங்கோ தள்ளிப் போய்விட்டது. வாரத்தில், தனக்கு மருந்துக்கடை வேலை இல்லாத இரண்டு நாட்கள் வதனி அக்கா பொன்னியைப் பார்த்துக்கொள்கிறார், கேட்டதும் அவர் சரி என்று சொல்லவில்லை, "எப்ப இருந்து?" என்றுதான் கேட்டார். சைல்ட் கேர் வரிசை இன்னும் நகரவில்லை. ஆனால் புதன்கிழமைகளில் நான் பொன்னிக்குக் கேரட் மசிக்கிறேன். அவள் அதை என் சட்டைக்குப் பூசுகிறாள்.

கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. செல்வி அக்காவிடம் சொல்வது.

வீடியோ காலில் கயல்தான் சொன்னாள். அக்காவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, குழந்தை ஏறிவிடாமல் இருக்கச் சின்னதாக ஒரு மரக்கதவு போட்டிருந்தார். மஞ்சள் பெயின்ட். புதுசு. எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை.

"அக்கா… கோவமா?"

"பாப்பாவ இந்தப் பக்கம் திருப்புடி. மூஞ்சி தெரியல."

திருப்பினாள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"மேல ஒரு பல்லு கூட வந்திருக்கே. எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். பிறகு, "வச்சுக்கங்கடி. உங்க புள்ள. ஏப்ரல்ல வந்தா ஒரு மாசமாவது இருக்கணும். ஒரு வாரத்துல ஓடுற வேலையெல்லாம் வேணாம். கதவ நான் கழட்ட மாட்டேன்" என்றார்.

பொன்னிக்கும் திரும்பி வர டிக்கெட் போட்டுவிட்டோம்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எங்களுக்காகக் கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுக் கிளம்பிய சிவா அண்ணன், ரேடியோவை மெல்லிசாக வைத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டி வந்தார் – பின் சீட்டில் நாங்கள் மூவரும், பல மாதங்களுக்குப் பிறகு, ஒரே நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தோம்.